அப்பா சோறாக்கிய வாரம்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் கல்யாண வீட்டில் ஒரே மேசையில் உட்கார்ந்துவிட்டால் போதும். முதலில் சர்க்கரை, பிறகு முழங்கால், பிறகு பிள்ளைகள், கடைசியில் அவரவர் அம்மாவின் கைப்பக்குவம். போன மாதமும் அப்படித்தான். எல்லோரும் தங்கள் அம்மா வைத்த மீன்கறியைப் புகழ்ந்து முடித்துவிட்டு என் பக்கம் திரும்பினார்கள். நான் அப்பா வைத்த ரசத்தைச் சொன்னேன். "ஒங்க அப்பாவா? அந்தக் காலத்துலயா?" என்று ஒருத்தி வாயைப் பிளந்தாள். அதற்குள் பிரியாணி வந்துவிட்டது. பிரியாணி வந்த பிறகு யார் கதை கேட்பார்கள்? அதனால்தான் இப்போது உட்கார்ந்து நிதானமாகச் சொல்கிறேன்.

எண்பதுகள் தொடங்கிய சமயம். கோப்பெங் பக்கம் நாங்கள் இருந்த தோட்டம் கைமாறி, ரப்பர் பால்மரங்களை வெட்டி எண்ணெய்க்கான செம்பனை நட ஆரம்பித்தார்கள். நாங்கள் ஈப்போவுக்கு வந்து, சுண்ணாம்புக் குன்றின் அடிவாரத்தில் ஒரு பலகை வீட்டில் வாடகைக்குக் குடியேறினோம். அப்பாவுக்கு ஈயம் தோண்டும் ஈயலம்பத்தில் வெல்டர் வேலை. காலையிலேயே போய்விட்டு, சாயங்காலம் உடம்பெல்லாம் மணலும் இரும்பு வாடையுமாக வருவார். அண்ணன் இடைநிலைப் பள்ளியில் முதல் வருடம். நான் தமிழ்ப்பள்ளியில் ஐந்தாம் வகுப்பு. வருடக் கடைசியில் அரசாங்கச் சோதனை இருந்ததால் எங்களுக்கு மட்டும் மத்தியானத்திலும் வகுப்பு வைத்தார்கள்.

தோட்டத்தில் பால் வெட்டிய அம்மாவுக்கு எலெக்ட்ரானிக் பேக்டரி ஒன்றில் வேலை கிடைத்தது. நீலச் சட்டை, தலைக்குத் தொப்பி. கண்ணாடிக் குழாய்க்குள் குனிந்து பார்த்து, தலைமுடியைவிட மெல்லிய கம்பியை ஒட்ட வேண்டுமாம். "முடிய விட மெல்லிசா? சும்மா சொல்லாதம்மா" என்று அண்ணன் நம்பவே இல்லை. முதல் மாதங்களில் காலை வேலை. பிறகு, மத்தியானம் போய் நாங்கள் தூங்கிய பிறகு திரும்பும் சிப்டும் பார்க்க வேண்டும் என்றார்கள். அந்த மாதம் ஒருநாள்கூட மட்டம் போடாமல் வந்தால்தான் வேலை நிரந்தரம் என்று சூப்பர்வைசர் சொல்லிவிட்டாராம்.

இந்தச் சேதி எப்படியோ காம்பாரிலிருந்த அத்தையின் காதுக்குப் போய்விட்டது. அத்தை அப்பாவுக்கு மூத்தவர். மாமா தவறிய பிறகு மகன் வீட்டில் இருந்தார். ஞாயிற்றுக்கிழமை கையில் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்து இறங்கினார். தேத்தண்ணீரைக் கடைசிச் சொட்டுவரை குடித்தார். மங்குக் குவளையைக் கீழே வைத்த பிறகுதான் ஆரம்பித்தார்.

"ஏன்டா, வீட்டுப் பொம்பள பொழுது சாயிற நேரத்துல பேக்டரிக்குப் போயிட்டா இங்க யாரு ஒல வைப்பா?"

அம்மா, "காலையிலயே ஆக்கி வச்சிட்டுப் போயிருவேன் அண்ணி" என்றார் மெதுவாக.

"ஆறிப்போன சோத்தத் திங்கவா புள்ளைங்களப் பெத்த? அதான் பொட்டப்புள்ள ஒண்ணு இருக்காள்ல. மத்தியான கிளாசெல்லாம் அவளுக்கு எதுக்கு? ஸ்கூல் விட்டதும் வந்து ஒரு சோறு, ஒரு கறி ஆக்கட்டும். கத்துக்குற வயசுதானே?"

எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுப்புப் பக்கம் அம்மா என்னை விட்டதே இல்லை. கரண்டி பிடிப்பதென்றால் எனக்குக் கார் ஓட்டுவது மாதிரி. "நான் ஆக்குறேன் அத்த!" என்று துள்ளினேன்.

"நீ சும்மா இரு" என்றார் அப்பா. பிறகு அத்தையைப் பார்த்து, "நானே ஆக்கிக்கிறேன்" என்றார்.

அத்தை சிரித்த சிரிப்பில் மேசை மேலிருந்த மங்கு ஆடியது. "நீயா? தண்ணி சுட வைக்கத் தெரியுமாடா ஒனக்கு?"

"வெள்ளிக்கெழம வாயேன்க்கா. வந்து சாப்ட்டுப் பாரு."

"வாரேன்லா. வராமயா இருப்பேன்?"

அத்தை பஸ் ஏறிப் போன பிறகுதான் அம்மா நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "ஏங்க, வெள்ளிக்கெழம அண்ணி கவிச்சி தொட மாட்டாங்களே." அப்பாவுக்குத் தெரிந்த ஒரே சமையல் சார்டின் மீன் டின்னைத் திறப்பது.

திங்கட்கிழமை அம்மா அப்பாவை நம்பவில்லை. இருட்டிலேயே எழுந்து, கெம்போங் மீன் பொரித்து, புளிக்கறி வைத்து, கீரையைத் தாளித்துக் கம்பி வலை போட்ட அலமாரிக்குள் வைத்துவிட்டுப் போனார். உங்கள் வீட்டிலும் அந்த அலமாரி இருந்திருக்கும். எறும்பு ஏறாமலிருக்க நாலு கால்களையும் தண்ணீர்க் குவளைக்குள் நிறுத்தி வைப்போமே, அதேதான். இப்போது பழைய சாமான் கடைகளில்கூட அது கண்ணில் படுவதில்லை. எறும்புக்குத் தண்ணீர் வைத்தோம். பூனைக்கு என்ன வைப்பது? அண்ணன் ஒரு மீன் வாலைப் பிய்த்துத் தின்றுவிட்டுக் கொக்கியை மாட்டாமல் விட்டுவிட்டான். அப்பா வந்து பார்த்தபோது மீன் தட்டில் முள்கூட மிச்சமில்லை. புளிக்கறிச் சட்டி கவிழ்ந்து கீரையெல்லாம் நனைந்து கிடந்தது.

அப்பா சட்டியை நிமிர்த்தி, அலமாரியைத் துடைத்தார். பிறகு குளித்துவிட்டு வந்து உலை வைத்தார். வாணலியில் எண்ணெய் புகையும்வரை காத்திருந்து முட்டையை உடைத்து ஊற்றினார். அது படபடவென்று வெடித்து, ஓரமெல்லாம் சரிகை மாதிரி முறுகி வந்தது. சுடுசோற்றின் மேல் முட்டை. அதன் மேல் சோயாவில் செய்த கறுப்புக் கிச்சாப்பு. பக்கத்தில் நறுக்கிய ஊசி மிளகாய். நீலக் கரை போட்ட எனாமல் தட்டில் மூன்று பேரும் பேசாமல் வழித்துத் தின்றோம். அண்ணன் இரண்டாம் தடவை சோறு கேட்டான். "பூனைக்குத் தேங்க்ஸ் சொல்லுடா" என்றார் அப்பா.

மறுநாள் காலையில் சேதி தெரிந்ததும் அம்மாவின் முகம் சுருங்கிவிட்டது. "நாளைக்கு இன்னும் வெள்ளென எந்திரிச்சு..." என்று ஆரம்பித்தார். அப்பா அவரை முடிக்க விடவில்லை. "நீ நல்லாத் தூங்கு. ஒண்ணும் ஆக்கி வைக்காத. சோறு என் பாடு" என்றார். அம்மா நம்பாத கண்ணோடுதான் பஸ் ஏறினார்.

அம்மா நம்பாதது சரிதான் என்று செவ்வாய்க்கிழமை நிரூபணமானது. எங்கள் வீட்டில் மிளகாய்த்தூளும் கறித்தூளும் ஒரே மாதிரியான இரண்டு பால்மாவு டின்களில் இருக்கும். எது எது என்று அம்மாவின் கைக்குத் தெரியும். அப்பா சார்டின் கறிக்கு ஒரு டின்னிலிருந்து தாராளமாக அள்ளிப் போட்டார். பிறகு இன்னொரு டின் என்று நினைத்து அதே டின்னிலிருந்து மறுபடியும் அள்ளிப் போட்டார். முதல் வாயிலேயே அண்ணன் எழுந்து தண்ணீர்த் தொட்டிக்கு ஓடினான். எனக்குக் காது அடைத்துவிட்டது. அப்பா மட்டும் கண்ணில் தண்ணீர் ஊற்ற, "ஒண்ணும் இல்ல... கொஞ்சம் காரம்... சாப்புடலாம்" என்று விட்டு விட்டுச் சொல்லிக்கொண்டே இருந்தார். கடைசியில் கறியில் சீனியைக் கொட்டிக் கிளறினார். அது என்ன பண்டம் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

மிளகாய்ப் புகை பலகைச் சுவரின் இடுக்கு வழியாகப் பக்கத்து வீட்டுக்கும் போய்விட்டது. அங்கே இருந்த சீன ஆன்ட்டி பசாரில் தவுகே விற்பவர். வீட்டுப் பின்னால் ஜாடிகளில் பச்சைப்பயற்றை முளைக்க வைத்து, வெள்ளைவெளேரென்று குண்டு குண்டாக எடுப்பார். அவருக்குத் தமிழ் தெரியாது. எங்களுக்குச் சீனம் தெரியாது. பசார் மலாய்தான் இரண்டு வீட்டுக்கும் பாலம். இருமிக்கொண்டே வேலிக்கு வந்து, "அயோ! ஆப்பா மாசாக்?" என்று கேட்டார். மலாயில் அதற்கு 'என்ன சமையல்' என்று பொருள். எங்கள் காதில் 'அப்பா சமையலா' என்று விழுந்தது. அண்ணன் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "ஆமா ஆன்ட்டி, அப்பாதான் மாசாக்!" என்று கத்தினான். எரிகிற நாக்கோடு நாங்கள் சிரித்த சிரிப்பில் அப்பாவும் சேர்ந்துகொண்டார்.

இவ்வளவும் நடக்கும்போது என்னை மட்டும் அடுப்படிக்குள் விடவே இல்லை. அண்ணனை வெங்காயம் உரிக்க வைத்தார். "நான் என்ன பொம்பளப் புள்ளையா?" என்று அவன் முறைத்தான். "வாய் இருக்குல்ல? வாய் இருக்கவன் வெங்காயம் உரிக்கணும்" என்றார். நான் வாசலைத் தாண்டிக் காலை வைத்தால் போதும், "ஒன்ன யாரு கூப்ட்டா? போயி புஸ்தகத்த எடு" என்று அகப்பையைக் காட்டி விரட்டுவார். பாத்திரம் கழுவுகிறேன் என்றேன். கூடாது. அரிசி களைகிறேன் என்றேன். கூடாது. நான் எதையாவது போட்டு உடைத்துவிடுவேன், உப்பை அள்ளிக் கொட்டிவிடுவேன் என்று அப்பா பயப்படுகிறார் என்றுதான் நினைத்தேன். மிளகாயை அள்ளிக் கொட்டியவருக்கு என்மேல் நம்பிக்கை இல்லையா என்று மூக்கை உறிஞ்சிக்கொண்டே கணக்குப் போட்டேன்.

புதன்கிழமை ஆன்ட்டிக்குப் பொறுக்கவில்லை. ஒரு கூடை தவுகேயும் துண்டு கருவாடும் எடுத்துக்கொண்டு நேராக எங்கள் அடுப்படிக்கே வந்துவிட்டார். அப்பா அடுப்பைச் சின்னதாக எரிய விட்டிருந்ததைப் பார்த்துத் தலையில் அடித்துக்கொண்டார். "அப்பி பெசார்! பெசார்லா!" பெரிய தீ வைக்கச் சொன்னார். அப்பா கேஸ் குமிழைத் திருகினார். "லாகி பெசார்!" இன்னும் பெரிதாக. நெருப்பு வாணலியைத் தாண்டி எழும்பியது. கருவாடும் பூண்டும் எண்ணெயில் விழுந்து மணத்தது. அதன் மேல் தவுகே. இரண்டு புரட்டு, ஒரு சொட்டுக் கிச்சாப்பு, தட்டுக்கு வந்துவிட்டது. கடித்தால் நறுக்கென்றது. ஈப்போ தண்ணீரில்தான் அந்த நறுக்கு வரும் என்பார்கள்.

அப்பாவின் முகம் மாறிவிட்டது. நாள் முழுக்க நெருப்போடு வேலை செய்கிற மனிதர் அவர். இதுவரை அடுப்பைக் கண்டுதான் பயந்திருந்தார் போல. "அட, இதுவும் நம்ம வேலதான்!" என்று இன்னொரு கைப்பிடி தவுகேயை எடுத்துத் தானே ஒரு தடவை புரட்டினார். ஆன்ட்டி ருசி பார்த்துவிட்டுக் கட்டை விரலைத் தூக்கிக் காட்டினார்.

வெற்றியை வீட்டுக்குள் வைத்திருக்க அப்பாவால் முடியவில்லை. வியாழக்கிழமை வேலை முடிந்து வந்ததும் தவுகேயை வதக்கி, முட்டை பொரித்து, தூக்குச்சட்டியில் அடுக்கி, என்னை மோட்டர் சைக்கிளில் பின்னால் ஏற்றிக்கொண்டு பேக்டரிக்குப் போனார். அம்மாவுக்கு அப்போது சாப்பாட்டு நேரம். வானம் இன்னும் சிவந்திருந்தது. கேட்டைத் தாண்டி நீலச் சட்டைப் பெண்கள் கூட்டமாக வந்தார்கள். அதில் அம்மா யார் என்று எனக்குத் தெரியவில்லை. தொப்பியோடு ஒருத்தி சிரித்துக்கொண்டே வந்தாள். ஏதோ பள்ளிக்கூடத்துப் பெரிய அக்கா என்று நினைத்தேன். கிட்டே வந்த பிறகுதான் அம்மா! வீட்டில் அம்மா அப்படி வாய்விட்டுச் சிரித்து நான் பார்த்ததில்லை.

"என்னாங்க, என்னா ஆச்சு?" என்று பதறினார்.

"ஒண்ணும் ஆகல. சோறு கொண்டாந்தேன்."

கூட வந்தவர்கள் சூழ்ந்துகொண்டார்கள். "அக்கா, ஒங்க வீட்டுக்காரரா ஆக்குனாரு?" "பொய் சொல்லாதீங்கலா!" மூடியைத் திறந்ததும் ஆளுக்கு ஒரு வாய் என்று எடுத்தார்கள். அம்மாவுக்கு முட்டையின் ஓரம்தான் கிடைத்தது. அதை மென்றுகொண்டே, "உப்பு சரியா இருக்கு" என்றார், தரையைப் பார்த்துக்கொண்டு. அப்பா திரும்பி வரும் வழியெல்லாம் சீட்டியடித்தார்.

வெள்ளிக்கிழமை காலை அந்தச் சீட்டி நின்றுவிட்டது. மீனில்லை, முட்டையில்லை, கருவாடில்லை. அம்மா தலை வாரிக்கொண்டே சாம்பார் வைக்கும் முறையைச் சொன்னார். அப்பா தலையாட்டிக் கேட்டார். சாயங்காலம் பருப்பை அடுப்பில் ஏற்றும்போது பாதி மறந்துவிட்டது. பருப்பு வெந்துகொண்டிருக்கும்போதே அத்தை வந்துவிட்டார். நான் அப்போதுதான் மத்தியான வகுப்பு முடிந்து வந்து சீருடை மாற்றிக்கொண்டிருந்தேன். அத்தை நேராக அடுப்படிக்குப் போய் முக்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துகொண்டார். பக்கத்தில் அப்படி ஒருவர் உட்கார்ந்து பார்த்தால் யாருக்குத்தான் கை ஓடும்? பருப்பு அடிப்பிடித்தது. வாடை வீடு முழுக்கப் பரவியது.

அத்தை சட்டிக்குள் எட்டிப் பார்த்தார். கொஞ்சம் சிரித்த மாதிரி இருந்தது. அப்பா பருப்புச் சட்டியை இறக்கிக் கொல்லையில் வைத்துவிட்டு வந்தார். பிறகு புளியை எடுத்துக் கரைத்தார். தக்காளியைக் கையாலேயே பிசைந்தார். மிளகு, சீரகம், பூண்டு மூன்றையும் உரலில் போட்டு நசுக்கினார். யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. மறந்து போன பாட்டு திடீரென்று வாயில் வந்த மாதிரி கை தானாக ஓடியது.

நான் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். அத்தை என்னைப் பார்த்துவிட்டார்.

"இந்தாடா, புள்ள சும்மாதானே நிக்கிறா? அவகிட்ட கரண்டியக் குடுத்துட்டு நீ போயி ஒக்காரு. ஆம்பள நிக்கிற எடமா இது? நாளையிலருந்து மத்தியான கிளாஸ நிறுத்து. நான் பத்து நாளு இருந்து அவளுக்குச் சொல்லிக் குடுத்துட்டுப் போறேன்."

அப்பா அடுப்பைச் சின்னதாக்கினார். திரும்பினார். அவர் கோபப்படுவார் என்று நினைத்தேன். குரல் மிகவும் இறங்கியிருந்தது.

"அக்கா, ஒனக்கு ஞாபகம் இருக்கா? நம்ம அம்மா பால் வெட்டப் போவாங்க. வீட்டுல யாரு ஆக்குறதுன்னு ஒன்ன ஸ்கூல விட்டு நிறுத்துனாங்க."

"அதுக்கென்னா இப்ப?"

"ஒனக்கு இவ வயசுகூட இல்ல. நான் ஸ்கூலுக்குப் போனேன். நீ ஆக்குன. நான் வந்து தின்னேன். வீட்டுப்பாடம் செய்யிறப்ப நான் தப்பாப் படிச்சா, நீ அடுப்பு ஊதிக்கிட்டே 'அது அப்புடி இல்லடா'ன்னு சொல்லுவ. ஸ்கூலுக்குப் போற எனக்குத் தெரியாது. போவாத ஒனக்குத் தெரியும்."

அத்தை முந்தானையை இழுத்து விட்டுக்கொண்டார்.

"எம்புள்ள அடுப்ப ஊதிக்கிட்டு நிக்கிறத நான் பாக்க மாட்டேன்க்கா. சோறு வேணும்னா நான் ஆக்குறேன். கருகுனா கருகட்டும்."

அந்த வயதில் எனக்குப் பாதிதான் புரிந்தது. அகப்பையைக் காட்டி என்னை விரட்டியதெல்லாம் என்மேல் நம்பிக்கை இல்லாததால் அல்ல என்பது மட்டும் புரிந்தது. அழுகை வந்தது. ஏனென்று தெரியாமல் அண்ணன் என்னை முறைத்தான்.

ரசம் நுரை கட்டியதும் அப்பா இறக்கினார். கொத்தமல்லித் தண்டைக் கிள்ளாமல் முழுசாக முறுக்கி உள்ளே போட்டு மூடினார். அப்பளம் பொரித்தார். கருவாடில்லாத தவுகேயை ஒரு புரட்டுப் புரட்டினார். அத்தை வழக்கம்போலத் தட்டெடுக்க எழுந்தார். எங்கள் வீட்டுக்கு வந்தாலும் அவர்தான் எல்லோருக்கும் போட்டுவிட்டுக் கடைசியில் சாப்பிடுவார்.

"நீ ஒக்காருக்கா. இன்னிக்கு நான் போடுறேன்."

அத்தைக்கு உட்காரத் தெரியவில்லை. நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து, மறுபடி எழுந்து, தண்ணீர் எடுக்கப் போய், அப்பா கையைப் பிடித்து உட்கார வைத்த பிறகுதான் அடங்கினார். அப்பா சோறு போட்டு, குழி பறித்து, ரசத்தை ஊற்றினார். அத்தை பிசைந்து ஒரு வாய் வைத்தார். அப்படியே நிறுத்தினார்.

"மல்லித் தண்ட முறுக்கிப் போட்டியா?"

"ஆமா."

"யாரு சொல்லிக் குடுத்தா?"

"யாரும் சொல்லல. நீ ஆக்குறப்ப பக்கத்துலயே ஒக்காந்து பாத்துக்கிட்டு இருப்பேன்ல, எப்ப எறக்குவன்னு. பசில பாத்தது, மறக்குமா?"

அத்தை தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டார். தட்டில் ரசம் தீர்ந்ததும் தட்டை லேசாக முன்னால் தள்ளினார். அப்பா இன்னொரு கரண்டி ஊற்றினார். அதுவும் தீர்ந்தது. "பருப்பையும் கொண்டாடா, கருகுனாலும் பரவால்ல" என்றார். அண்ணன் கொல்லைக்கு ஓடிச் சட்டியைத் தூக்கி வந்தான். அடியைச் சுரண்டி, அந்தக் கருகல் பருப்பை நாங்கள் நாலு பேரும் அப்பளத்தில் வைத்துத் தின்றோம். நன்றாகத்தான் இருந்தது. மத்தியான வகுப்பைப் பற்றி அத்தை அதற்குப் பிறகு என்றைக்கும் பேசவில்லை. அம்மா அந்த மாதக் கடைசியில் நிரந்தரமானார். நான் சோதனை எழுதினேன், தேறினேன், அதற்கு மேலும் படித்தேன்.

அத்தை அன்றிரவு எங்கள் வீட்டிலேயே தங்கிவிட்டார். சனிக்கிழமை அம்மாவுக்கு விடுமுறை. காலையில் பசியாற உட்கார்ந்தபோது அப்பா இட்டலியெல்லாம் முயலவில்லை, ரொட்டியும் காப்பியும்தான். அத்தை அம்மாவுக்கு எதிரில் உட்கார்ந்து ரொட்டியைக் காப்பியில் நனைத்துக்கொண்டே, பேக்டரி எப்படி இருக்கும், உள்ளே குளிருமா, பஸ் எத்தனை மணிக்கு வரும், சாப்பாட்டு நேரத்தில் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவாய் என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். அம்மா பயந்து பயந்து பதில் சொன்னார். வேலையை விடச் சொல்லப்போகிறார் என்று நினைத்திருப்பார்.

"ஏம்மா" என்றார் அத்தை, ரொட்டியைப் பார்த்துக்கொண்டே. "என் வயசுக்காரங்கள அங்க எடுப்பாங்களா?"

அம்மா காப்பி மங்கைக் கீழே வைத்துவிட்டார். அப்பாவைப் பார்த்தார். அப்பா அத்தையைப் பார்த்தார்.

"கம்பி ஒட்டுறதுக்குக் கண்ணு நல்லாத் தெரியணும் அண்ணி" என்று தயங்கிய அம்மாவுக்குத் திடீரென்று முகம் மலர்ந்தது. "ஆனா கேன்டீன்ல ஆள் தேடுறாங்க! சமையலுக்கு. நீங்க போனா ஒடனே எடுத்துக்குவாங்க. சொல்லிப் பாக்கட்டா?"

அத்தை மிச்சமிருந்த காப்பியை ஒரே மடக்கில் குடித்தார்.

"ஆக்குற வேல வேணாம்" என்றார். "வேற எதாச்சும் இருந்தாச் சொல்லு."